பதினொரு வரிசைகள் நீக்கப்பட்டன

இரவுப் பணியில் மூன்று மணிக்கு
கணினி முதன்முறையாக என்னிடம் கோபித்துக்கொண்டது:
எதிர்பாராத காற்புள்ளி.
ஒரு காற்புள்ளிக்கா இத்தனை சிவப்பு எழுத்து!
டாக்டர் பாட்பயார் மருந்துச் சீட்டில்
தசமப் புள்ளியையே மறந்துவிடுவார்.
நாங்கள் சத்தமில்லாமல் திருத்திக்கொள்வோம்.

வெளியே உறைநிலைக்குக் கீழே முப்பத்தொன்று.
உலான்பாத்தரின் வடக்கு மேடுகளில்
கெர் கூடாரம் ஒவ்வொன்றிலும் ஓர் அடுப்பு.
எரிந்த கரியின் புகையில் பாதி வானத்துக்கு,
மீதி எங்கள் குழந்தைகள் வார்டுக்கு.

ஆர் என்று ஓரெழுத்துப் பெயர் அந்த மொழிக்கு.
பெயர்தான் சின்னது, பிடிவாதம் பெரிது.
திறந்த அடைப்பை மூடு என்கிறது,
மூடும்வரை வேறு பேச்சில்லை.
(கதவைச் சாத்தாமல் ஓடும் என் மகன் தெமூலெனை
ஒரு வாரம் இதனிடம் விட்டுவைக்கலாம்.)
கூட்டல் குறி வரியின் கடைசியில் வர வேண்டும்,
அடுத்த வரியின் தலையில் அல்ல.
இதைக் கற்க நான்கு இரவு,
இரண்டு குடுவை உப்புத் தேநீர்.

முதல் படம் வந்தது.
சாம்பல் நிறத் தளம், அதன்மேல் ஒன்றுமில்லை.
அது இயல்பு நிறமாம், மாற்றிக்கொள்ளலாமாம்.
ஜன்னலைப் பார்த்தேன்.
எங்கள் ஊருக்கும் அதுதான் இயல்பு நிறம்.

பதிவேட்டைப் பக்கம் பக்கமாக ஏற்றினேன்.
கிடையில் தேதி, நெடுகில் குழந்தைகள்.
ஒரு நாளுக்கு ஒரு புள்ளி.
புள்ளி வைக்காமல் மெய் ஏது?

ஜனவரி ஒன்பது முதல் பத்தொன்பது வரை
பதிவேடு வெறுமை.

பூஜ்ஜியம் என்று நிரப்பிப் பார்த்தேன்.
கோடு உச்சியிலிருந்து குதித்து
தரையில் நீட்டிப் படுத்துக்கொண்டது,
அந்தப் பதினொரு நாளும்
ஊரில் ஒருவரும் இருமவில்லை என்று.

அந்த வரிசைகளையே அழித்தேன்.
எட்டாம் தேதியிலிருந்து இருபதாம் தேதிக்கு
நேராக ஒரு பாலம்.
"அழகாயிருக்கிறதே" என்றார் டாக்டர்.
அழகாகத்தான் இருந்தது.
அன்று வீட்டுக்குப் போய்
காலணியைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தேன்.

எனக்குத் தெரியாதா அந்த நாட்களை?
கட்டிலுக்கு இரண்டு பேர், பிறகு மூன்று,
தலைமாடு கால்மாடாக.
ஆக்சிஜன் உருளை ஒன்று, மூக்கு நான்கு.
பேனா என் சட்டைப்பையில்தான் இருந்தது.
கைகள்தான் என்னிடம் இல்லை.
எழுதாமல் விட்டது வேறு யாருமில்லை.

அந்த மொழியில் இரண்டெழுத்து உண்டு:
என்.ஏ.
இங்கே ஏதோ இருந்தது,
எவ்வளவு என்று தெரியாது என்பதற்கு.
மன்னிப்புக் கடிதம் எழுதுவதுபோல்
பதினொரு முறை தட்டினேன்.
கோடு உடைந்தது. இடையில் வெறுந்தளம்.
கீழே ஒரு செய்தி:
பதினொரு வரிசைகள் நீக்கப்பட்டன.
இது எச்சரிக்கைதானாம், பிழை இல்லையாம்.

மாவட்டக் கூட்டத்தில் கன்தொமோர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கேட்டார்:
"இங்கே அச்சுப்பொறி பழுதா?"
"இல்லை ஐயா. அங்கேதான் கூட்டம் அதிகம்."
எதையோ குறித்துக்கொண்டார்.
என்னவென்று இன்றுவரை தெரியாது,
அதற்கும் இரண்டெழுத்துதான்.

படம் இப்போது
வெந்நீர்க் கலத்துக்குப் பக்கத்துச் சுவரில்.
நீர் பிடிக்க வந்த ஒரு தாய்,
முதுகில் தூங்கும் பிள்ளையோடு,
உடைந்த இடத்தில் விரல் வைத்தாள்.
"இது ஜனவரியா?"
ஆமாம்.
"அப்போது நாங்கள் இங்கேதான்.
மூன்றாவது கட்டில், சுவரோரம்."

எத்தனை பேர் இருந்தீர்கள் என்று
நான் கேட்கவில்லை.
அவள் விரல் தானாக மேலே நகர்ந்தது,
இருபது, முப்பது,
தாளின் விளிம்பைத் தாண்டி
சுவர்ச் சுண்ணாம்பில் போய் நின்றது.

நான் அச்சை
நாற்பதோடு நிறுத்தியிருந்தேன்.